எண்ணெய் மணலில் பின்னால் நடந்தவனுக்கு

மாப்ளே,

போன வாரம் பேட்டையில் உன் மகனுடைய லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தேன். காரியம் ஒன்றுமில்லை. அம்பையிலிருந்து பஸ் ஏறினால் இறங்கத் தோன்றும் இடம் இன்னும் அதுதான். நான் உள்ளே கால் வைத்த நேரம், வேலையாள் ஒருவன் கைதவறி எண்ணெய் டின்னைச் சாய்த்துவிட்டான். தரையெல்லாம் கறுப்பாக ஓடியது. உன் மகன் சத்தம் போட்டுக்கொண்டே ஓரத்துச் சாக்கிலிருந்து ஆற்று மணலை அள்ளி அதன்மேல் வீசினான். மணல் எண்ணெயைக் குடித்தது. குடித்ததும் ஒரு வாடை எழுந்தது பார், நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“என்ன மாமா, தலை சுத்துதா? இங்கன உக்காருங்க.”

“இல்லப்பா. உங்க வாப்பா வாடை அடிக்குது.”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த வாப்பாவின் வாடை அத்தரும் வெற்றிலையும். எனக்குத் தெரிந்தது இதுதான்: இயந்திரத்தில் ஓடித் தேய்ந்த எண்ணெயும் தாமிரபரணி மணலும் கலந்து, வெயிலில் சூடேறி வருகிற வாடை. வாலிபத்தில் நம் இருவர் வேட்டியிலும் சோப்புப் போட்டாலும் போகாமல் கிடந்தது.

இதை நான் சொல்ல, உன் மகள் எழுதுகிறாள். “பையச் சொல்லுங்க மாமா, கை எட்டல” என்கிறாள். உனக்கும் எனக்கும் எழுத்து வராது. நீ வளைகுடாவில் இருந்த காலமெல்லாம் கேசட்டில் பேசி அனுப்புவாய், நான் பதிலைக் கேசட்டில் பேசி அனுப்புவேன். செல்போன் வந்த பிறகும் நீ அந்தப் பழக்கத்தை விடவில்லை. “போனுல காசு ஓடுது, பேச்சு ஓட மாட்டேங்குது மச்சான்” என்பாய். இப்போது அந்த டேப் ஓடுவதில்லை. ஓடினாலும் நீ இருக்கும் இடத்துக்குக் கேசட் கொண்டுபோக ஆள் இல்லை. அதனால்தான் இந்தத் தாள்.

பாபநாசத்து மலையடிவாரத்தில் மில்லுக்குச் சொந்தமான அந்த மைதானம் உனக்கு மறந்திருக்காது. பஞ்சுப் பொதி தூக்கச் சேர்ந்த நம் இருவரையும், ஓடியாடி வேலை செய்கிறவர்கள் என்று அங்கே மாற்றிவிட்டார்கள். கோல்ஃப் என்ற சொல் அப்போது நம் வாயில் நுழையவில்லை. குழிப்பந்து என்றுதான் சொன்னோம். நம் வெயிலுக்குப் புல் எங்கே நிற்கும்? துரைமார் தங்கள் நாட்டில் பச்சைப் புல்லில் பந்தைத் தட்டிக் குழியில் விடுவார்களாம். இங்கே அதற்குப் பதிலாக மணலை வட்டமாகப் பரப்பி, மில்லில் கழித்த எண்ணெயை ஊற்றிப் பிசைந்து, உருளை ஓட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் குழி. அந்த வட்டத்துக்குப் பெயர் பிரவுனு.

அந்தப் பிரவுனுதான் நம் இருவருடைய பொறுப்பு. பந்து வட்டத்துக்குள் வந்து விழுந்ததும், சாக்குச் சுற்றிய பலகையைப் பந்திலிருந்து குழிவரைக்கும் இழுத்து, துரை தட்டப்போகிற வழியைச் சமன்செய்ய வேண்டும். அது பெரிய வித்தை இல்லை. அதற்குப் பிறகு வெளியே வருவதில்தான் விஷயம். எண்ணெய் மணலில் கால் வைத்தால் தடம் பதியும். முதுகைத் திருப்பி நடந்தால் பின்னால் விழும் தடம் தெரியாது. ஆகையால் குழியைப் பார்த்த முகமாகவே பின்னால் நடந்து, ஒவ்வொரு தடத்தையும் பலகையால் அழித்துக்கொண்டே வட்டத்துக்கு வெளியே வர வேண்டும். நான் அவசரத்தில் திரும்பி நடந்துவிடுவேன். நீ அதட்டுவாய்.

“ஏலே, வந்துட்டுப் போனது தெரியக் கூடாது. அங்கன பாரு, யானை நடந்த மாதிரி கெடக்கு.”

அந்த மைதானத்தில் பெண்கள் ஆடியதை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. துரைசாணிமார்களுக்கு வார நாள் காலைதான், துரைமார் மில்லுக்குள் போன பிறகு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது துரைமார் வந்தால், ஒதுங்கி மரத்தடியில் நின்று வழிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மலைமேல் எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் நாலைந்து துரைசாணிகள் இறங்கி வருவார்கள். மில்லுத் துரைசாணிகளுக்கும் அவர்களுக்கும் போட்டி. ஜெயித்த பக்கத்துக்கு ஒரு கேக்கும் ஒரு வெள்ளிக் கரண்டியும். நாம் கண்ட உலகப் போட்டி அதுதான். இரண்டு பக்கமும் ஒரே நாட்டுக்காரர்கள். கேக்கையும் இரண்டு பக்கமும் சேர்ந்தே தின்றார்கள்.

நெட்டையாய் ஒரு துரைசாணி இருந்தாளே, கன்னமெல்லாம் செம்புள்ளி. மற்றவர்கள் பேசிக்கொண்டே ஆடுவார்கள், அவள் ஆட மட்டும் வருவாள். அரைகுறைத் தமிழில் அவள் ஒருநாள் சொன்னாள்: தன் நாட்டில் பெண்கள் சம்பளத்துக்கு இந்த ஆட்டம் ஆடுகிறார்கள், ஊர் ஊராகப் போகிறார்கள் என்று. நமக்கு நம்பிக்கையே இல்லை. நீதான் கேட்டாய்.

“பொம்பளைய வெளையாடப் போனா, புருஷன் என்னம்மா செய்வான்?”

அவள் தோளில் மாட்டியிருந்த மட்டைப் பையைக் கழற்றி உன் தோளில் மாட்டினாள். “இதைத் தூக்குவான்” என்றாள்.

அன்றைக்கு மில்லு வாசல் டீக்கடை முழுக்க இதே பேச்சு. “மச்சான், பொண்டாட்டி பையத் தூக்குத உத்தியோகம் வந்தா சொல்லு, நான் போறேன்” என்று நீ சொல்ல, டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கிளாஸைக் கீழே போட்டு உடைத்தார்.

பிறகு துரைமார் போனார்கள். மைதானத்தில் ஆடு மேய்ந்தது. பிரவுனு வட்டங்களில் எருக்கு முளைத்தது. நீ பேட்டைக்கு வந்து ஏதேதோ வேலை பார்த்தாய். அப்போதுதான் ஏஜெண்டு ஒருவன் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறான் என்று செய்தி வந்தது: மணலைச் சமன்செய்யத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஊரே சிரித்தது. “பாலைவனத்துல மணலச் சமன்செய்ய இங்கேருந்து ஆளா? கடல்ல தண்ணி தெளிக்கவும் கேப்பானோ?” என்றார்கள். நீ சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மச்சான், அது நம்ம பிரவுனு வே” என்றாய்.

அதுவேதான். அங்கேயும் அப்போது புல் கிடையாது. எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்கள் பாலைவனத்தில் மைதானம் போட்டு, எண்ணெய் மணல் வட்டத்தில்தான் பந்தைத் தட்டினார்கள். “எண்ணெக்கு இங்க பஞ்சமே இல்ல. ஆனா நம்ம மில்லு எண்ணெ மாதிரி மணக்க மாட்டேங்குது” என்று முதல் கேசட்டில் சொன்னாய். அந்தக் கேசட்டில் பாதி, அங்கே சோற்றில் கல் கிடக்கிறது என்ற புகார்.

என்னென்னவோ வருஷங்கள். பிறகு ஒரு கேசட்டில் உன் குரலே மாறியிருந்தது. “கடல் தண்ணியக் காய்ச்சி நல்ல தண்ணியாக்கி, அதை ஊத்திப் புல்லு வளக்கான் மச்சான். நம்ம ஆத்துல ஓடுத தண்ணியக் குடிச்சிட்டு வளர்ந்தவன் நான்.” பிரவுனெல்லாம் போய் பச்சை வட்டங்கள் வந்தன. பழைய ஆட்களில் பல பேரை அனுப்பிவிட்டார்கள். உன்னை வைத்துக்கொண்டார்கள். புல்லுக்கு நடுவே வெள்ளை மணல் பள்ளங்கள் உண்டாமே, பந்து தவறிப்போய் விழுகிற இடம். அதில் ஆள் இறங்கி ஏறிய பிறகு வாரிச் சமன்செய்கிற வேலை உனக்கு. “மணலு என்னைய விட மாட்டேங்குது” என்றாய்.

அப்புறம் பெண்கள் வந்தார்கள். சம்பளத்துக்கு ஆடுகிற பெண்கள். நீ அந்தச் செய்தி சொன்ன கேசட்டை நான் எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பேன்! எடுத்த எடுப்பிலேயே கத்தினாய்.

“மச்சான், துரைசாணி சொன்னது நெசம் வே! பொண்டாட்டி முன்னால வாரா, புருஷன் பையத் தூக்கிட்டுப் பின்னால வாரான். கண்ணால பாத்தேன்!”

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து, “அவிய அனுப்புத கேசட்டுலயே இதுதான் நல்ல சேதி” என்றாள்.

முதல் வருஷம் அந்தப் பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளே இல்லை என்று சொன்னாய். ஆண்கள் ஆட்டத்துக்குக் கயிறு கட்டி அடக்க முடியாத கூட்டமாம். பெண்களுக்கு, தோட்ட வேலைக்காரர்களையே குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுக் கயிற்றுக்குப் பின்னால் நின்று கைதட்டச் சொன்னார்களாம். வந்தவர்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரிகள், புள்ளி எழுதுகிற பலகையில் இரண்டு மூன்று கொடிகள்தான் என்றாய். அடுத்தடுத்த வருஷம் கொடி கூடியது. கொரியாக்காரப் பிள்ளைகள் வந்தார்கள், ஒவ்வொருத்தியும் அப்பனைக் கூட்டிக்கொண்டு. பந்து தவறினால் மகளைவிட அப்பன் முகம் கறுத்துப்போகும் என்று நீ சொன்னாய். ஜப்பான்காரி ஒருத்தி வந்தால் பின்னாலேயே கேமராக் கூட்டம். தாய்லாந்துப் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் மணல் வாருகிற உன்னையும் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார்களாம். “நான் பதறிட்டேன் வே. திருப்பி எப்படிக் கும்பிட, கையில வாருகோல்லா இருக்கு!”

இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொல்லாதே என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய். இத்தனை காலம் சொல்லவில்லை. இப்போது உன் மகளே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள், என்னை மன்னித்துக்கொள். இதைத் தவிர்த்துவிட்டு உனக்கு ஒரு மடல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேசட் வந்த நாள் ஆற்றில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. டேப்பில் போட்டால், வழக்கமாகச் சொல்கிற சலாமைக்கூடச் சொல்லவில்லை நீ. நேராக விஷயத்துக்கு வந்தாய். கடைசி நாள் ஆட்டம். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, ஆஸ்திரேலியாக்காரி, முதல் இடத்தில் நின்றாள். அவள் பந்து நீ காவல் நின்ற மணல் பள்ளத்தில் விழுந்தது. இறங்கி அடித்தாள். பந்து அழகாக எழும்பிப் பச்சை வட்டத்தில் போய் நின்றது. கூடவே மணலும் எழும்பி, பந்துக்கும் குழிக்கும் நடுவே புல்லில் தூவிக் கிடந்தது.

“அம்புட்டுதான் மச்சான் எனக்கு நெனவு இருக்கு. மணலப் பாத்தேன், குழியப் பாத்தேன். காலு தானாப் போயிட்டு. வாருகோலத் திருப்பிப் பிடிச்சி, பந்துலேர்ந்து குழிவரைக்கும் இழுத்து வழியச் சுத்தம் பண்ணிட்டு, பின்னாலயே நடந்து வெளிய வந்து நிக்கேன். நிமிந்து பாத்தா ஊரே என்னையப் பாக்கு.”

புல் வட்டத்தில் ஆடுகிறவரும் அவர் பையைத் தூக்கி வருகிறவரும் தவிர வேறு யாரும் அந்த வழியைத் தொடக் கூடாதாம். தொட்டால் ஆட்டத்தையே கெடுத்ததாகுமாம். எண்ணெய் மணலில் தொடாவிட்டால் தப்பு, புல்லில் தொட்டால் தப்பு. உன் கைக்கு அது தெரியவில்லை. நடுவர் ஓடிவந்தார். சுத்தம்செய்யச் சொன்னது அவளா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார். அவள் இல்லை என்றாள். சரி, ஆடு என்றார். அவள் குனிந்து நின்றாள், நிமிர்ந்தாள், மறுபடியும் குனிந்தாள். தட்டினாள்.

“குழியோரத்துல போயி நின்னுட்டு மச்சான். விழல. ஒரே ஒரு அடி வித்தியாசத்துல கொரியாக்காரி ஜெயிச்சிட்டா.”

மேனேஜர் காலையில் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறான், பெட்டி கட்டச் சொல்வான் என்று கூட இருப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றாய். “போறது பத்தி இல்ல வே. என்னிக்கு இருந்தாலும் ஊருக்கு வாரவன்தானே. ஆனா இத்தன வருசம் இருந்துட்டு, கடைசில ஒரு பிள்ள ஆட்டத்தக் கெடுத்துட்டு வந்தான்னு பேரோட எப்படி வருவேன்? எம் பிள்ளைய கேட்டா என்ன சொல்லுவேன்?” அந்தப் பக்கம் முடிந்து டேப் ‘டக்’கென்று நின்றது.

எனக்குக் கேசட்டைத் திருப்பிப்போடக் கை வரவில்லை. வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

“மறுபக்கம் இருக்குல்லா? திருப்பிப் போடுங்க. என்ன உக்காந்திருக்கிய?”

“அதுல என்ன இருக்கோ.”

“போடாமயே இருந்தா மாறிருமாக்கும்?”

நான் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். கலங்கல் தண்ணீரில் ஒரு முங்கு முங்கினேன். ஈரத் தலையோடு வந்துதான் திருப்பிப் போட்டேன்.

மறுபக்கத்தில் முதலில் ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம். நீ இருமினாய். அப்புறம் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் தலையைத் துவட்ட ஆரம்பித்தேன்.

காலையில் நீ ஆபீசுக்குப் போயிருக்கிறாய். மேனேஜர் உட்கார்ந்திருக்கிறான், பேச்சைச் சொல்லித் தர மலையாளத்து சூப்பர்வைசர் நிற்கிறான். இரண்டு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்களாம், கதவைத் தட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை வந்துவிட்டாள், கையில் ஊருக்குப் புறப்படுகிற பெட்டியோடு. முந்திய நாளிலிருந்தே உன்னைத் தேடியிருக்கிறாள். பந்து விழாமல் போனது என் கைத்தப்பு, இவரை ஒன்றும் செய்யாதீர்கள் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சை மலையாளத்தான் உனக்குச் சொல்ல, நீ எனக்குச் சொன்னாய்.

“அவ ஊரு ஆஸ்திரேலியாவுல உள்ள, மழையே பெய்யாத கோதும ஊராம் மச்சான். அங்க ஏது புல்லு? எண்ணெ மணலுதானாம்! அவுக வாப்பா டிராக்டர்ல வடிச்ச எண்ணெய ஊத்திப் பெசைவாராம். அவளும் சின்னப் பிள்ளையில பலகை இழுத்துருக்கா. எங்கிட்ட கேக்கா, உங்க ஊருல என்ன எண்ணென்னு. மில்லு எண்ணென்னேன். அது நல்ல எண்ணெங்கா வே!”

துரைசாணிமார் ஆடிய நம் மைதானமும், உலகத்தின் மறுகோடியில் கோதுமைக்காரன் மகள் ஆடிய மைதானமும் ஒரே மணல். ஆனால் கேசட் அங்கே முடியவில்லை. அவள் ஆபீசை விட்டு வெளியே வந்து, மலையாளத்தானைக் கூப்பிட்டு, உனக்கு மட்டும் ஒன்று சொல்லச் சொன்னாளே.

“நான் தொடச்சதுல அவளுக்குக் கோவமில்லையாம். ஆனா முதுகக் காட்டாம பின்னால நடந்து போனேன்லா, அதைப் பாத்த உடனே அவுக வாப்பா நெனவு வந்துட்டாம். அவரு மௌத்தாயிட்டாராம், இப்ப இல்லையாம். அங்கனதான் கை ஆடிப்போச்சுங்கா. சொல்லிட்டுச் சிரிக்கா, கண்ணுல தண்ணியும் நிக்கு. நான் கெடுத்தேன்னு சொல்லுதாளா, நல்லது செஞ்சேன்னு சொல்லுதாளான்னு எனக்கு இன்னும் வெளங்கல மச்சான்.”

உனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான்.

உன்னை அவர்கள் அனுப்பவில்லை. உன் காலம் முடிந்து, நீயாகவே பெட்டி கட்டிக்கொண்டு, விமானத்தில் வந்து இறங்கினாய். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. பிள்ளைகளுக்கு ஒரு பை நிறைய பேரீச்சம்பழம், எனக்கு ஒரு டார்ச் லைட். நேராகப் போய்ப் பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டினாய். “உலகத்துல எங்கன பொம்பளைய ஆடினாலும் நமக்குத் தெரியணும் வே” என்றாய்.

அந்தக் காலைகளை நான் எப்படிச் சொல்லுவேன். கொரியாவிலும் ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் ஆட்டம் என்றால் நமக்கு அது காலை நேரம். நான் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். உன் வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடும், நம் இருவருக்கும் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கொடி இருந்ததே, அதுதான் நாம் படித்த எழுத்து. வெள்ளையில் சிவப்புப் பொட்டு ஜப்பான். நடுவில் சிவப்பும் நீலமும் சுருண்டு கிடந்தால் கொரியா. நீலத்தில் மஞ்சள் சிலுவை ஸ்வீடன். முதலில் அயர்லாந்துக் கொடியைப் பார்த்துவிட்டு, “நம்ம கொடிய என்னவே நட்டமா நிறுத்தி வச்சிருக்கான்?” என்று நீ சண்டைக்கே போனாய். உன் மகள்தான் வந்து சொல்லித் தந்தாள். இதை எழுதிக்கொண்டே இப்போது சிரிக்கிறாள்.

வருஷம் போகப் போகக் கொடிகளின் வரிசை நீண்டது. நமக்கே பெயர் தெரியாத நாடுகள் வந்தன. சீனா வந்தது, பிலிப்பைன்ஸ் வந்தது, தென்னாப்பிரிக்கா வந்தது. நம் மூவர்ணம் படுக்கை வசமாக, சரியாக, மேல் வரிசையில் வந்த காலையில் நீ வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாய். “எந்திரிலே மச்சான்” என்று என்னையும் எழுப்பினாய். அந்தப் பிள்ளை பந்தைத் தட்டி முடிக்கும்வரை நாம் உட்காரவில்லை. உன் வீட்டில் கேட்டார்கள், “ரெண்டு பேரும் எதுக்கு நிக்கிய, மூட்டு வலிக்கலையா?” என்று. ஒரு காலத்தில் ஒதுங்கி மரத்தடியில் நின்று வழிவிட்டார்களே பெண்கள், அவர்களுக்காகவும் சேர்த்து நின்றோம் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் நினைக்கவில்லை. நின்றோம், அவ்வளவுதான்.

எந்த ஆட்டம் என்றாலும் நீ முதலில் தேடியது வேறு கொடி. நீலத்தில் நட்சத்திரங்கள், மூலையில் துரைமார் கொடி ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலியா. அவள் பெயரை நீ சொன்ன விதத்துக்கு அவளே கேட்டாலும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அதனால் கொடியைத்தான் தேடினோம். நியூசிலாந்துக் கொடியும் ஏறக்குறைய அப்படியே இருந்து நம்மை எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறது! அவள் முகத்தைத் திரையில் ஒரு தடவைகூட நாம் பார்க்கவில்லை. அவளும் வயதாகி ஆட்டத்தை விட்டிருப்பாள் என்றேன். “விட்டா என்ன? அவ மகளு வருவா” என்றாய் நீ.

உன் கடைசி மாதங்களில் திரையில் நிறம் தெரியவில்லை என்றாய். நான் கொடியைச் சொல்லச் சொல்ல நீ நாட்டைச் சொன்னாய். மூச்சு வாங்கும், ஆனால் விடமாட்டாய். “சிவப்பு, வெள்ளை, நீலம், வெள்ளை, சிவப்பு, படுக்கை.” “தாய்லாந்து. கும்பிடுத பிள்ளைய.”

ஐப்பசி மழையில் நீ போனாய். பேட்டை கபர்ஸ்தானில் மண் சேறாகக் கிடந்தது. எல்லோரும் கைப்பிடி மண் அள்ளிப் போட்டார்கள், நானும் போட்டேன். துஆ முடிந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். உன்னைச் சுற்றி ஒரே கால்தடம். உறவுக்காரர்கள் தடம், பட்டறை ஆட்கள் தடம், உன்னோடு வளைகுடாவில் இருந்து திரும்பியவர்கள் தடம். ஓரமாக ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்தது. என் கை அதைத் தேடிப் போனது, மாப்ளே. வழித்துச் சமன்செய்துவிட்டு வரலாம் என்று அதுவாகவே போனது. பிடித்தும்விட்டேன். அப்போது உன் பச்சைப் புல் நினைவு வந்தது. எங்கே தொட வேண்டும், எங்கே தொடக் கூடாது என்று உன் கைக்குத் தெரியாமல் போன அந்த நாள். மண்வெட்டியை இருந்த இடத்திலேயே சாய்த்துவிட்டேன். வந்தவர்கள் வந்தது தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் திரும்பி நடக்க முடியவில்லை. பின்னாலேயே நடந்தேன். உன் மகன் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தான்.

“மாமா, திரும்பி நடங்க. சேறு வழுக்கும், விழுந்திராதிய.”

“உங்க வாப்பாவுக்கு முதுகக் காட்ட மனசு வரலப்பா” என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. உண்மையான காரணத்தைச் சொல்ல, அன்றைக்கு எனக்கு ஒரு கேசட்டின் இரண்டு பக்கமும் தேவைப்பட்டிருக்கும்.

உன் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இவ்வளவையும் இன்றைக்குத்தான் கேட்கிறாள். “அந்தப் பொண்ணு எங்க வாப்பாவத் தேடியா வந்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எப்படி மாமா நடப்பாங்க? நடந்து காட்டுங்க” என்றாள்.

அவளை மறுபடியும் பேனாவை எடுக்கச் சொல்லி, போன வாரம் பட்டறையில் நான் செய்ததைச் சொன்னேன். எண்ணெய் குடித்த அந்த மணலைப் பார்த்துக்கொண்டே நின்றேன் அல்லவா, ஒரு பலகைத் துண்டை எடுத்தேன், கிழிந்த சாக்கைச் சுற்றினேன். வேலையாட்கள் சிரித்தார்கள். “என்ன பெரியவரே, கோலம் போடுதீரா?” என்றான் ஒருவன். நான் இழுத்தேன். மணல் பளபளவென்று படிந்தது. பிறகு குனிந்தபடியே, பின்னால் பின்னால் நடந்து, என் தடத்தை நானே அழித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கடைசித் தடம் ஒன்று இருந்தது, வாசற்படி ஓரமாக. பலகையை அதன்மேல் கொண்டுபோனேன், இழுக்கவில்லை. நீ இருந்தால் அதட்டியிருப்பாய். அதட்ட ஆளில்லை. அந்தத் தடத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.